முதல் திதிக்கு முன் பாட வேண்டிய பெட்டி

2024 ஏப்ரல் 23, செவ்வாய்க்கிழமை, பிற்பகல் மூன்று பத்து. காற்றில்லை. வேப்ப மரத்தில் ஓர் இலைகூட அசையாத வெயில். இசைத்தட்டுப் பிளேயரின் மெல்லிய ஒலியைக் கூட்டித்தர நான் கட்டிய ப்ரீஆம்ப் பெட்டிக்கு அப்போதுதான் முதன்முதலாக மின்சாரம் கொடுத்தேன்.

இசைத்தட்டை இன்னும் வைக்கவில்லை. ஸ்பீக்கரிலிருந்து உறுமல் மட்டும் வந்தது. பெட்டியின் தகட்டில் விரல் வைத்தேன். சுருக்கென்றது, உறுமல் பாதியாகக் குறைந்தது. விரலை எடுத்ததும் திரும்பி வந்தது. தொட்டால் அடங்குவதும் விட்டால் முனகுவதுமாக அறையில் யாரோ படுத்திருப்பதுபோல் இருந்தது. எழுந்து போய்க் கதவைத் திறந்துவைத்தேன்.

என் மனைவி இறந்த அன்று பிளேயரில் ஓடிக்கொண்டிருந்த தட்டை முதல் திதியன்று கேட்க வேண்டும் என்று மகள் சொல்லியிருந்தாள். பழைய ப்ரீஆம்ப் அவள் போன பிறகு வந்த மழைக்காலத்திலேயே எரிந்துபோனது. திதிக்குப் பன்னிரண்டு நாள்தான் இருந்தது.

டிரான்ஸ்பார்மரைப் பெட்டிக்கு வெளியே ஒரு முழம் தள்ளி வைத்தேன். உள்ளே வரும் ஒயர்களை வலை சுற்றிய ஒயர்களாக மாற்றினேன். பற்றவைத்த இடங்கள் நாற்பத்தாறையும் திரும்பச் சூடாக்கினேன். உறுமல் குறையவில்லை. ராத்திரி பெட்டியை அணைத்த பிறகும் அது என் காதில் கேட்டது.

ஞாயிற்றுக்கிழமை பென்னாகரத்திலிருந்து மகள் வந்தாள். வாசலிலேயே நின்று கேட்டாள்.

"ஏம்பா, பொட்டி கட்டுனியா, வண்டு புடிச்சி உள்ள வுட்டியா?"

"சிரிக்காதம்மா. எர்த்து சரியா வரல."

டெஸ்டரைத் தகட்டில் வைத்துக் காட்டினேன். விளக்கு மங்கலாக எரிந்தது. இருவரும் வீட்டுக்குப் பின்னால் போனோம். எர்த் குழியில் மண் பாளம் பாளமாக வெடித்து, என் கை நுழையும் அளவுக்குப் பிளந்திருந்தது.

"காஞ்சி கெடக்குதே. அம்மா தெனமும் அரிசி கழுவுன தண்ணிய இதுலதான ஊத்தும்?"

"இதுலயா?"

"பின்ன? கரண்டுக்காரரு ஈரமா வெச்சிக்கச் சொன்னாரு, அப்ப இருந்து ஊத்துச்சு. நீ பாத்ததே இல்லையா?"

முப்பத்தொரு வருடம் அந்த வீட்டில் இருந்திருக்கிறேன். பார்த்ததில்லை.

சுற்றிலும் தோண்டி உப்பும் அடுப்புக்கரியும் போட்டோம். ஏழு குடம் தண்ணீர் குடித்தது அந்த மண். மறுநாள் காலை பெட்டியைப் போட்டபோது சத்தமே இல்லை. போடவில்லையோ என்று சுவிட்சை இரண்டு முறை பார்த்தேன்.

திதியன்று படையல் முடிந்ததும் மகளே தட்டை வைத்தாள். கடைசிப் பாட்டு முடிந்தது. முள் உள்வட்டத்தில் சுற்றிச் சுற்றி 'டக்', 'டக்' என்று அடித்தது. மனைவி இறந்த அன்று நான் சந்தையிலிருந்து வந்து கதவைத் தள்ளியபோது கேட்டது அந்தச் சத்தம்தான். அவள் பிளேயருக்குக் கீழே கிடந்தாள். இதை நான் மகளிடம் சொன்னதில்லை. மகள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அன்னிக்கும் இப்பிடித்தான் சுத்திக்கிட்டிருந்துச்சாப்பா?"

"ஆமாம்மா."

"எவ்ளோ நேரமா?"

ஒரு பக்கம் ஓட இருபத்திரண்டு நிமிடம். அதற்குப் பிறகு எத்தனை சுற்று என்பதை எந்தக் கணக்கிலும் கொண்டுவர முடியவில்லை.

"தெரியலம்மா."

அவள் முள்ளைத் தூக்கவில்லை. நானும் தூக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவள் எழுந்து, அரிசி கழுவிய தண்ணீரை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனாள்.

பாகங்கள், பெட்டி, ஒயர், அவற்றை வாங்கப் போய்வந்த பெங்களூர் பஸ், உப்பு, கரி எல்லாம் சேர்த்து ஆன செலவு நாலாயிரத்து நூற்று எண்பத்தைந்து ரூபாய்.