குட்டியின் நெஞ்சுக்குள் மூடாத குழாய்

நாலு மாதமாகியும் நாய்க்குட்டி என் இரண்டு கைக்குள் அடங்கியது. கூடப் பிறந்தவை தெருவைக் கலக்கிக்கொண்டிருக்க, இது பத்தடி ஓடியதும் மூச்சிரைத்து உட்கார்ந்துவிடும். ஏழாயிரம்பண்ணைப் பக்கம் பட்டாசு ஆலையில் அணுகுண்டு வெடிக்குச் சணல் சுற்றுவது என் வேலை. ஒருநாள் லீவு போட்டு, குட்டியைக் கூடையில் வைத்து விருதுநகர் கால்நடை டாக்டரம்மாவிடம் கொண்டுபோனேன்.

அவர் என் விரலைப் பிடித்து அதன் இடது விலாவில் வைத்தார். உள்ளே அச்சு மெஷின் ஓடுவதுபோல ஓயாத அதிர்வு. பிறந்ததும் மூடவேண்டிய ஒரு ரத்தக்குழாய் மூடவில்லையாம். நெஞ்சைத் திறந்து அதைக் கட்டிவிட்டால் பிழைக்கும், விட்டால் ஒரு வருடம் தாண்டாது என்றார்.

"எதை வச்சுக் கட்டுவீக?"

"பட்டு நூல்தாம்மா."

பாதிப் பயம் போய்விட்டது. நூலை இறுக்கிக் கட்டுவது எனக்குத் தெரிந்த விஷயம். சரிசெய்ய முடிகிறதை அப்படியே விட்டுவிட மனம் வரவில்லை.

ஆபரேஷன் சென்னையில்தான். சீசன் நேரத்தில் நாய்க்காக லீவா என்று ஃபோர்மேன் முறைத்தார். ஆலை வேன் ஓட்டும் என் வீட்டுக்காரரும் முணுமுணுத்தார்.

"ஏட்டி, மாட்டுக்குக்கூட யாரும் இம்புட்டுத் தூரம் போகமாட்டாக."

"நீங்க வராட்டி நான் மட்டும் போறேன்."

வந்தார். அவருக்குத் தெரிந்தவர் பருப்பு லோடு ஏற்றிக்கொண்டு சென்னைக்குப் போனார். அந்த லாரியில் முன்னால் உட்கார்ந்து, குட்டியை மடியில் வைத்தபடி போய்ச் சேர்ந்தோம்.

கட்டும்போது குழாய் கிழிந்தால் காப்பாற்ற முடியாது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். வீட்டுக்காரர் என் முகத்தைப் பார்த்தார். நான் கையெழுத்துப் போட்டேன். மதியம்வரை மனுஷன் ஒரு டீகூடக் குடிக்கவில்லை. கடைசியில் டாக்டர் வெளியே வந்தார். முதல் முடிச்சை இறுக்கியதும் இதயம் மெதுவாகிவிட்டதாம். தளர்த்தி, காத்திருந்து, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் இறுக்கினார்களாம். இனிப் பயமில்லை என்றார். எனக்கு அப்போதுதான் அழுகை வந்தது.

ஊருக்கு வந்து தையல் பிரித்த பிறகும் சில வாரம் ஓடவிடாமல் கட்டியே வைத்திருந்தோம். வேலைக்குத் திரும்பிய அன்று ஃபோர்மேன் என்னைத் திட்டவில்லை. நாய் என்ன ஆச்சு என்று மட்டும் கேட்டார்.

கட்டவிழ்த்துவிட்ட காலையில் வீட்டுக்காரர் ஒற்றைச் செருப்போடு வாசலில் நின்றார். மற்றதைக் கவ்விக்கொண்டு குட்டி தெருமுனையைத் தாண்டியிருந்தது. "வேன் எடுக்க நேரமாச்சு, அதக் கூப்பிடுட்டி" என்றார். நான் கூப்பிடவில்லை.