முதல் வாடிக்கையாளரிடம் கேட்ட கேள்வி

லண்டனின் மிச்சம் பகுதியில் கறிவேப்பிலை வாங்கப் போனாலும் சரி, பள்ளிக்கூட வாசலில் பிள்ளைகளுக்காக நின்றாலும் சரி, ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து தேத்தண்ணிக் கோப்பையோடு நின்றாலும் சரி, ஒரு தமிழ் முகம் பக்கத்தில் வந்தால் இரண்டாவது வசனம் இதுவாகத்தான் இருக்கும்: "ஊரிலை எவடம்?" ஊரைச் சொன்னால் எந்தக் குறிச்சி என்பார்கள். குறிச்சியைச் சொன்னால் ஆற்றை மகள், யாருடைய மகள், என்பார்கள். அதோடு என்னை எந்தத் தட்டில் வைப்பது என்று அவர்களுக்குத் தெரிந்துவிடும். எனக்கென்றால் அந்தக் கேள்வியைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும்.

அப்படிப்பட்ட நானே அதைக் கேட்டு, இணையத்தில் கிடைக்கவிருந்த முதல் வேலையைத் தொலைக்கப் பார்த்தேன். 2009 இலையுதிர்காலத்தில் நடந்தது.

நாங்கள் ஜெர்மனியிலிருந்து லண்டனுக்கு வந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. பிள்ளைகள் இங்கிலிஷில் படிக்கட்டும் என்று எல்லோரும் வந்தது போலத்தான் நாங்களும் வந்தோம். கணவர் வந்த கையோடு ஒரு மூலைக்கடையை எடுத்துவிட்டார். பால், பேப்பர், சிகரெட், பலசரக்கு. கல்லாவில் அவருடைய தங்கச்சி நின்றாள். அவளுக்குத் தை மாதம் பிள்ளை பிறக்க இருந்தது.

கடை வேலையை நான் குறைவாக நினைக்கவில்லை. ஆனால் ஜெர்மனியில் நான் எங்கள் சனத்துக்கு மொழிபெயர்த்துக் கொடுத்தவள். ஆசுபத்திரி, நகரசபை, பிள்ளைகளின் பள்ளிக்கூடம் என்று எங்கே கூப்பிட்டாலும் போவேன். பதினாறு வருடம் மண்டை காயப் படித்த ஒரு பாஷையை, பஸ்ஸில் மறந்துவிட்ட குடை மாதிரி அங்கேயே விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை. லண்டனிலோ என் ஜெர்மனை ஒருவரும் சீண்டவில்லை.

அதனால்தான் அந்த இணையதளத்தில் சேர்ந்தேன். வேலை இருப்பவர்கள் அதில் வேலையைப் போடுவார்கள். செய்யக்கூடியவர்கள் நான் செய்கிறேன் என்று எழுதிக் கேட்பார்கள். முடித்துக் கொடுத்தபின் வேலை கொடுத்தவர் நட்சத்திரம் போடுவார். நட்சத்திரம் இருந்தால் அடுத்த வேலை வரும். முதல் வேலை கிடைக்காமல் முதல் நட்சத்திரம் கிடைக்காது; நட்சத்திரம் இல்லாதவளுக்கு முதல் வேலை யார் கொடுப்பார்? பிள்ளைகளைப் பள்ளியில் விட்டுவிட்டு வந்து, குசினியில், அடுப்புக்குப் பக்கத்து மேசையில் கணினியை வைத்துக்கொண்டு, எத்தனையோ பேருக்கு எழுதினேன். பாதிப்பேர் பதிலே போடவில்லை.

கணவர் ஒருநாள் சோற்றைப் பிசைந்தபடி சொன்னார்: "இஞ்சேரும், நான் உம்மை மறிக்கேல்லை. நத்தார் வரைக்கும் பாரும். அதுக்குள்ளை ஒரு வேலையாவது வராட்டி, தையிலை இருந்து கல்லாவுக்கு வாரும். நான் தனிய என்ன செய்யிறது?"

அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. அதுதான் எனக்கு இன்னும் கோபம். "ஓம், சரி, கிறிஸ்மஸ் வரைக்கும்" என்றேன்.

புரட்டாதி முடிகிற நேரம் ஓர் அறிவிப்பைக் கண்டேன். எழுதியவர் ஜெர்மனியில் பூக்கடை வைத்திருக்கும் ஓர் அம்மா. அவருடைய மகன் ஒரு தமிழ்ப் பிள்ளையைக் கலியாணம் செய்யப் போகிறான். கலியாண மண்டபத்தில் சம்பந்தி வீட்டார் முன்னால் தானே தமிழில் ஒரு சிறு பேச்சுப் பேச வேண்டும். அந்தத் தமிழை ஜெர்மன் எழுத்தில் எழுதித் தர வேண்டும், குரலில் பதிந்தும் தர வேண்டும். 'மருமகளிடம் கேட்டேன், தனக்குத் தெரிந்தது குசினித் தமிழ்தானாம், மேடைக்கு உதவாதாம்' என்று எழுதியிருந்தார்.

நான் கதிரையிலிருந்து எழும்பியே விட்டேன். இது எனக்கென்றே செய்து வைத்த வேலை. உடனே எழுதினேன். பின்னேரமே பதில் வந்தது. என் ஜெர்மன் அவருக்குப் பிடித்திருந்தது. வேலையை எனக்குத் தரத்தான் யோசிக்கிறார், ஏதும் கேட்பதென்றால் கேட்கட்டாம்.

கணவர் கடையால் வந்ததும் வராததுமாகச் சொன்னேன். சப்பாத்தைக் கழற்றிக்கொண்டே அவர் கேட்ட முதல் கேள்வி: "அப்ப பொம்பிளை பகுதி எந்த ஊர் ஆக்களாம்?"

"உங்களுக்கு வேறை கேள்வியே இல்லையோ!" என்று ஏசினேன். ஏசினாலும் கேள்வி காதுக்குள் நின்றுவிட்டது. மன்னார்ப் பேச்சு வேறு, மட்டக்களப்புப் பேச்சு வேறு, கேட்பவர்களின் பேச்சில் எழுதினால்தான் நன்றாக இருக்கும் என்று எனக்கு நானே ஒரு நியாயம் சொல்லிக்கொண்டேன். உண்மை என்னவென்றால் எனக்கும் அறிய ஆசை. அடுத்தநாள் அந்த அம்மாவுக்கு எழுதினேன்: மணமகளின் பெற்றோர் இலங்கையில் எந்த ஊர்?

பிறகு ஒரு சத்தமும் இல்லை. அந்தக் கிழமை ஏழு நாளும் அடுப்பில் கறி ஒருபக்கம் அடிப்பிடிக்க நான் கணினியைத் திறந்து திறந்து பார்த்தேன். ஒன்றும் வரவில்லை.

"வேலை கேக்கப் போன இடத்திலை ஊர்வம்பு விடுப்புக் கேட்டா இப்பிடித்தான்" என்றார் கணவர்.

"கேட்டது நீங்கள்!"

"நான் உம்மட்டைக் கேட்டனான். ஜெர்மன்காரியிட்டையே கேட்டனான்?"

எனக்கு அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது. ஊரைக் கேட்டுச் சாதி விசாரிக்கிறாள் என்று அந்த மணமகள் பிள்ளை கோபித்திருப்பாள், வேலை போச்சு என்று முடிவு கட்டிவிட்டேன். தங்கச்சி கல்லாவில் எப்படிப் பில் அடிக்கிறாள் என்று ஒருநாள் போய்ப் பார்த்துக்கொண்டும் நின்றேன்.

பிறகுதான் அந்த அம்மாவின் கணக்கிலிருந்து செய்தி வந்தது. எழுதியிருந்தது மணமகள். ஜெர்மனில் எழுதியிருந்தாள். 'நீங்கள் கேட்ட கேள்வியை மாமி என்னிடம் கேட்டார். நான் அப்பாவிடம் கேட்டேன். லண்டனில் ஒருவர் நம் ஊரைக் கேட்கிறார் என்று சொன்னதும் அப்பாவின் முகம் மாறிவிட்டது. எங்கள் ஊர் வன்னியில். வசந்தகாலத்திலிருந்து சித்தப்பா குடும்பத்தைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. உங்களுக்கு ஏதோ தெரிந்துதான் கேட்கிறீர்கள் என்று அப்பா நம்புகிறார். வேலைக்கும் போகாமல் தொலைபேசிக்குப் பக்கத்திலேயே இருக்கிறார். தயவுசெய்து சொல்லுங்கள், உங்களுக்கு என்ன தெரியும்?'

கடவுளே! செய்தியை மறுபடி முதலிலிருந்து வாசித்தேன்.

அந்த வருடம் சித்திரையிலும் வைகாசியிலும் நாங்கள் எங்கே நின்றோம் என்று எங்கள் சனத்துக்குச் சொல்லத் தேவையில்லை. பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு ரயிலேறி, நாடாளுமன்றத்துக்கு முன்னால் நின்று கத்தி, குரல் கட்டிப்போய்த் திரும்புவோம். வைகாசியில் வன்னியில் போர் முடிந்தது. யார் மிஞ்சினார், யார் இல்லை என்று தெரியாமல் எத்தனை வீடுகள் தொலைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தன. இதெல்லாம் தெரிந்த நான், அந்த வருடத்தில், முன்பின் தெரியாத ஒரு மனிதரிடம் ஊரைக் கேட்டிருக்கிறேன்.

இதை எழுதிப் பதில் சொல்ல ஏலாது என்று பட்டது. வாயால்தான் சொல்ல வேண்டும். ஆனால் அந்தத் தளத்தில் தொலைபேசி இலக்கம் பரிமாறக்கூடாது என்று விதி. இலக்கத்தைக் கண்டால் அழித்துவிடுவார்கள். கணக்கையே மூடவும் கூடும். மூடினால் நத்தாருமில்லை, நட்சத்திரமுமில்லை, நேரே கல்லாதான். கொஞ்ச நேரம் விரலை வைத்துக்கொண்டு இருந்தேன். பிறகு என் இலக்கத்தை, சைபர், ஏழு, ஒன்பது என்று தமிழில் சொல்வது போலவே ஆங்கில எழுத்தில் எழுதி அனுப்பினேன். குசினித் தமிழ் தெரிந்த பிள்ளைக்கு அது விளங்கும், தளத்துக்காரனுக்கு விளங்காது.

தேத்தண்ணி ஆறுவதற்குள் போன் அடித்தது. எடுத்தால் தகப்பனே பேசினார்.

"தங்கச்சி, லண்டனிலை இருந்தோ? எங்கடை ஊரைக் கேட்டனீங்களாம்."

"ஓம் அண்ணை." எழும்பி நின்றே பேசினேன். "அண்ணை, எனக்கு ஒண்டும் தெரியாது. நான் சும்மா கேட்டனான். எங்கடை சனம் கேக்கிற மாதிரிச் சும்மா. உங்களைக் கனக்க யோசிக்க வைச்சிட்டன். மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

அவருக்குப் பின்னால் மகள் ஏதோ கேட்பது கேட்டது. 'ஒண்டும் தெரியாதாம்' என்று அவளுக்குச் சொன்னார்.

"பரவாயில்லை தங்கச்சி," என்றார் பிறகு. "ஆரோ கேட்டினம் எண்டதே எனக்குப் பெரிய காரியமாப் போச்சு." தம்பியைப் பற்றிக் கொஞ்சம் சொன்னார். தம்பிக்கு மூன்று பெட்டைப் பிள்ளைகளாம், மூத்தவள் கெட்டிக்காரியாம். கலியாணத்தைத் தள்ளிப்போடத்தான் யோசித்தாராம், மகளின் முகத்தைப் பார்த்துச் சம்மதித்தாராம். "சரி, வைக்கிறன்" என்று வைத்துவிட்டார்.

போனை வைத்தபின்தான் கவனித்தேன். அவர் என்னிடம் திருப்பிக் கேட்கவில்லை. இவ்வளவு நேரம் பேசிய ஒரு தமிழர், 'நீங்கள் ஊரிலை எவடம்' என்று கேட்காமல் போனை வைத்தது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. கேட்காமல் விட்டதற்காக நான் அழுதேன்.

இரண்டு நாள் கழித்து வேலை என் பெயருக்கு வந்தது. 'சம்பந்தி உங்களிடமே கொடுக்கச் சொன்னார்' என்று பூக்கடை அம்மா ஒரு வரி எழுதியிருந்தார். அதோடு தன் பேச்சையும் ஜெர்மனில் அனுப்பியிருந்தார். மேடைத்தமிழ் ஒன்றும் போடாமல், அந்த அண்ணை போனில் எப்படிப் பேசினாரோ அந்தப் பேச்சிலேயே எழுதினேன். 'இந்த வருஷம் உங்களுக்கு எப்பிடிப்பட்ட வருஷம் எண்டு எனக்குத் தெரியும். இப்பிடி ஒரு வருஷத்திலையும் எங்களை நம்பி உங்கடை பிள்ளையைத் தந்தனீங்கள். அவ எனக்கும் பிள்ளைதான்.'

குரல் பதிவதுதான் பெரும்பாடு. குசினியில் பதிந்தால் ஃபிரிட்ஜ் இரைந்தது. முன்னறையில் பதிந்தால் தெருவில் போகிற பஸ் எல்லாம் பேச்சுக்குள் வந்தது. கடைசியில் சேலை அலுமாரிக்குள் ஒரு முக்காலியைப் போட்டு, கதவைச் சாத்திக்கொண்டு, ஒவ்வொரு சொல்லாக ஆறுதலாக, நிறுத்தி நிறுத்திப் பேசினேன். இடையில் கணவர் வந்து அலுமாரியைத் திறந்து, பட்டுச்சேலைகளுக்கு நடுவில் என்னைக் கண்டு, "சுகமா இருக்கிறீரோ?" என்று கேட்டுவிட்டு மூடிக்கொண்டு போனார். மறுபடி முதலிலிருந்து.

கார்த்திகையில் கலியாணம் முடிந்தது. அடுத்த கிழமை கணினியைத் திறந்தபோது என் பெயருக்குக் கீழே ஐந்து நட்சத்திரம் நின்றது. பூக்கடை அம்மா நீளமாக எழுதியிருந்தார். பேச்சில் ஓரிடத்தில் தடுக்கியதாகவும், முன்வரிசையிலிருந்த தமிழ்ப் பெண்கள் சொல் எடுத்துக் கொடுத்ததாகவும், தன் கடையில் பூ வாங்கும் ஒரு மருத்துவிச்சிக்குத் தமிழ்த் தாய்மாருக்காக ஏதோ மொழிபெயர்க்க வேண்டுமாம் என்றும் எழுதியிருந்தார். கடையால் வந்த கணவருக்குத் திரையைத் திருப்பிக் காட்டினேன். நட்சத்திரங்களை விரலால் தொட்டுப் பார்த்தார்.

"அப்ப கல்லாவுக்கு வேறை ஆளைத் தேடட்டே?" என்றார்.

"தேடுங்கோ" என்றேன். அவர் முகத்தில் கொஞ்சம் கவலை, நிறையப் பெருமை.

செய்தியின் அடியில் மணமகள் தன் பங்குக்குக் கொஞ்சம் சேர்த்திருந்தாள், ஆங்கில எழுத்தில், குசினித் தமிழில். சித்தப்பாவைப் பற்றி இன்னும் ஒன்றும் தெரியாதாம். ஆனால் மாமி பேசி முடித்ததும் அப்பா எழும்பிப்போய் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டாராம், கனநேரம் விடவில்லையாம். அதற்குக் கீழே ஒரு வரி: 'அப்பா அண்டைக்குப் போனிலை கேக்க மறந்துபோனாராம். நீங்கள் ஊரிலை எவடம்?'

மறுநாள் காலை பிள்ளைகளைப் பள்ளியில் விட்டுவிட்டு வந்து அலுமாரிக்குள் ஏறி உட்கார்ந்து, அந்த அண்ணைக்கு அனுப்பக் குரல் பதிந்தேன். ஊரைச் சொன்னேன். குறிச்சியைச் சொன்னேன். ஆற்றை மகள் என்று சொன்னேன். எங்கள் தெரு ஒழுங்கையில் யார் யார் இருந்தார்கள், இப்போது யார் எங்கே என்று சொன்னேன். பூக்கடை மாமியின் பேச்சைவிட அது நீளமாகப் போய்விட்டது.