ஊசி அக்காவும் பேர் சொல்லாத மாப்பிள்ளையும்

“கையை நீட்டுங்க சார். விரலை மடக்கிக்குங்க. ஆமா, இந்த வாட்சுக்கு சார்ஜ் எத்தனை நாள் நிக்குது?”

கேள்வி கேட்கப்பட்டவர் முந்தின இரவிலிருந்து பச்சைத் தண்ணீரைத் தவிர வேறெதுவும் குடிக்காதவர். சர்க்கரை எவ்வளவு ஏறியிருக்கிறதோ என்ற கவலையில் உட்கார்ந்திருப்பவர். இருந்தாலும் கேட்டதற்குப் பதில் சொல்லியாக வேண்டுமே. இன்னொரு கையில் கட்டியிருக்கும் ஸ்மார்ட் வாட்சைத் திரும்பிப் பார்த்து, “ரெண்டு நாள் வரும். இல்ல, ஒன்றரைன்னு வச்சுக்குங்க” என்று முடிப்பதற்குள் ஊசி ஏறி, டியூப் நிறைந்து, பஞ்சும் வைத்தாயிற்று. “அவ்வளவுதானா?” என்பார். “அவ்வளவேதான். அடுத்த தடவை இவ்வளவு இறுக்கமா முழுக்கைச் சட்டை போட்டுட்டு வராதீங்க” என்று சொல்லிவிட்டு அக்கா அடுத்த டோக்கனைக் கூப்பிடுவார்.

பரிசோதனை நிலையத்தின் மூன்றாம் நம்பர் அறையில் பத்தொன்பது வருடமாக இரத்தம் எடுக்கிறார். ஒரு நாற்காலி, ஒரு முக்காலி, மூடி நிறம் பார்த்து அடுக்கிய டியூப்கள், சுவரில் யாரும் படிக்காத ஓர் அறிவிப்பு. காலையில் மட்டும் அறுபது கைகள். “முகம் மறந்துடும், நரம்பு மறக்காது” என்பது அக்காவின் பெருமை. பழைய ஆட்கள் வந்தால் பேரைக் கேட்க மாட்டார். முழங்கை மடிப்பைத் தடவிப் பார்த்து, “அட, நீங்களா! போன தடவையே ஓடி ஒளிஞ்சுதே இது” என்று நரம்பைத்தான் நலம் விசாரிப்பார். அந்த அறையில் அக்காவுக்குத் தெரியவரும் சங்கதிகள் கொஞ்சநஞ்சமல்ல. மாமியாருக்குத் தெரிவதற்கு முன்னால் மருமகள் முழுகாமல் இருப்பது தெரியும். தெருவில் நல்லவர் வேடம் போடுபவரின் கல்லீரல் நிலவரம் தெரியும். ஒன்றும் வெளியே வராது. வீட்டில் கணவர் தோண்டித் துருவினாலும், “மூணாம் நம்பர்ல பார்த்தது மூணாம் நம்பரோட போச்சு” என்று சொல்லி வாயைக் கட்டிவிடுவார்.

குத்துகிற நேரத்தில் ஏதாவது கேட்டு ஆளின் கவனத்தைக் கலைப்பது பழைய உத்தி. முன்பெல்லாம் “வீட்ல இன்னைக்கு என்ன சமையல்?” என்று கேட்டுக்கொண்டிருந்தார். பட்டினியாக வந்தவளிடம் கேட்கிற கேள்வியா இது என்று ஒரு அம்மாள் சண்டைக்கு வந்த பிறகு அதை விட்டுவிட்டார். வாட்ச் கேள்வி வந்து பதினோரு மாதம்தான் ஆகிறது. அதற்குக் காரணம் மருத்துவம் அல்ல, பங்குச் சந்தை.

அக்கா ஒரு பேட்டரி கம்பெனியின் பங்குதாரர். சிரிக்க வேண்டாம். அவர் போட்டிருப்பது, விடியற்காலையில் வீடு வீடாகப் போய், படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களுக்கு இரத்தம் எடுத்து ஏழு வருடம் சேர்த்த பணம். அதற்கு ஒரு வேலையும் வைத்திருக்கிறார்: தரைத்தளத்தில் ஒரு சின்ன வீடு. கணவர் லிஃப்ட் மெக்கானிக். ஊரிலுள்ள லிஃப்டையெல்லாம் ஏற்றி இறக்குகிற அந்த மனிதர் குடியிருப்பதோ லிஃப்டே இல்லாத கட்டிடத்தின் நாலாம் மாடியில். முழங்கால் இரண்டும் தினமும் மாலையில் அவரையும் அக்காவையும் திட்டிக்கொண்டேதான் மேலே ஏறுகின்றன.

கம்பெனி சின்னது. நகத்தளவு பேட்டரி செய்கிறது. போன வருடம் ஓர் அறிவிப்பு விட்டார்கள். ஸ்மார்ட் வாட்ச் செய்யும் பெரிய நிறுவனம் ஒன்று எங்கள் பேட்டரியைத் தேர்ந்தெடுத்திருக்கிறது. ஒரு முறை சார்ஜ் போட்டால் வாட்ச் ஒன்பது நாள் ஓடும். வேறு எவராலும் இதுவரை முடியாதது. ஒப்பந்தப்படி அந்த நிறுவனத்தின் பெயரைச் சொல்வதற்கில்லை. அவ்வளவுதான். பங்கு விலை குதித்தது. வாங்கியவர்கள் நாற்பது பேர் ஒரு வாட்ஸ்அப் குழுவில் கூடி மண்டையைப் பிய்த்துக்கொண்டார்கள். அதில் அக்கா குரல் பதிவில் கேட்ட ஒரு கேள்விதான் குழுவுக்கே வேடிக்கையாகிவிட்டது.

“பெரிய இடம்கறாங்க. கை நிறைய சம்பாத்தியம்கறாங்க. பேரை மட்டும் சொல்ல மாட்டாங்களாம். இந்த மாதிரி மாப்பிள்ளைக்கு நம்ம வீட்டுப் பொண்ணைக் கொடுப்போமா?”

கேட்டவரே மறுநாள் இன்னும் கொஞ்சம் வாங்கினார் என்பது வேறு விஷயம். அன்றிலிருந்து அந்தப் பெயர் தெரியாத நிறுவனம் குழுவில் ‘மாப்பிள்ளை’. வட்ட முகப்பு வாட்ச் செய்கிற கம்பெனிக்கு ‘வட்டம்’ என்று பேர். சதுர முகப்புக்காரர்களுக்கு ‘சதுரம்’. சதுரத்தை முதல் வாரமே தள்ளிவிட்டார்கள். “சதுரம் மகா கஞ்சன். புதுச் சரக்குக்கெல்லாம் காசை அவுக்க மாட்டான்” என்று குழுவிலிருக்கும் கணக்கு வாத்தியார் தீர்ப்புச் சொன்னார். கணக்கு வாத்தியார் சொன்னால் கணக்கு சரியாகத்தான் இருக்கும் என்று எல்லோரும் வட்டத்தின் பக்கம் சாய்ந்தார்கள்.

அவர்கள் செய்த ஆராய்ச்சியைச் சொன்னால் நம்ப மாட்டீர்கள். பேட்டரி கம்பெனி முதலாளி ஏதோ கட்டிடம் திறந்துவைத்த புகைப்படத்தில் அவர் மணிக்கட்டை மட்டும் வெட்டி எடுத்துப் பெரிதாக்கினார்கள். கறுப்பாக ஒரு பட்டை தெரிந்தது. வட்டத்தின் வெளிவராத புது வாட்ச்தான் அது என்று மூன்று நாள் கொண்டாட்டம். விலையும் இரண்டு படி ஏறியது. நாலாம் நாள் யாரோ அதே விழாவின் இன்னொரு படத்தைப் போட்டார்கள். ஃபைலுக்குப் போடுகிற ரப்பர் பேண்ட்.

இதற்குப் பிறகுதான் அக்காவின் கள ஆய்வுக்கு மவுசு கூடியது. யார் கை, என்ன நோய் என்பதெல்லாம் கிடையாது. எத்தனை நாள் சார்ஜ் நிற்கிறது என்பது மட்டும். பகல் இடைவேளையில் போடுவார்: “இன்னைக்கு இருபத்திரெண்டு வாட்ச். மூணு நாளைத் தாண்டினது ஒண்ணும் இல்ல. மாப்பிள்ளை இன்னும் வீட்டை விட்டுக் கிளம்பல.” நாற்பது பேரும் பெருமூச்சு விடுவார்கள். ‘ஊசி அக்கா’ என்ற பட்டம் அப்போது வந்ததுதான்.

குழுவோடு நின்றிருந்தால் வம்பில்லை. நாத்தனாரும் உள்ளே வந்துவிட்டார். அக்கா கணவரின் தங்கை. ஒண்டி ஆளாக ஒரு ஜெராக்ஸ் கடை நடத்துகிறார். இருக்கிற மெஷின் நாலு தாளுக்கு ஒரு தாளைத் தின்றுவிடும். புது மெஷினுக்கென்று சேர்த்த பணத்தை, அக்காவின் பேச்சைக் கேட்டு அப்படியே இதில் போட்டார். “எனக்கு ஒரு எழவும் புரியல அண்ணி. நீங்க சொன்னா எனக்கு வேதவாக்கு” என்றார். அக்காவுக்கு அப்போது தலைகால் புரியாத சந்தோஷம். விலை இறங்க இறங்கத்தான் அந்த வேதவாக்கு தொண்டையில் முள்ளாகக் குத்தியது.

மூன்று மாதத்துக்கு ஒரு தரம் கம்பெனிக்காரர்கள் பங்குதாரர்களிடம் பேசுவார்கள். ஒவ்வொரு தடவையும் அதே பல்லவி: பெயர் சொல்வதற்கில்லை. போன மாதமும் அதையே சொன்னார்கள். பொறுத்தது போதும் என்று பலர் விற்றார்கள். விலை வாங்கினதில் முக்காலுக்கு வந்தது. அந்த வாரமே நாத்தனாரின் மெஷின் மொத்தமாக மண்டையைப் போட்டது.

“ஒருத்தர் நல்ல மெஷின் ஒண்ணு தரேன்கறாரு அண்ணி. வெள்ளிக்கிழமை சாயங்காலம் வரைக்கும்தான் வச்சிருப்பாராம். அதுக்குள்ள மாப்பிள்ளை வரலைன்னா வித்துடறேன். இப்ப வித்தா மெஷினுக்குச் சரியா இருக்கும். இன்னும் இறங்கினா கடையை மூட வேண்டியதுதான்.”

வெள்ளிக்கிழமை காலை ஏதோ ஓர் அலுவலகத்திலிருந்து வருடாந்திரப் பரிசோதனைக்கு ஒரு கூட்டமே வந்திருந்தது. ஒன்பதாவது ஆள், முப்பத்தைந்து வயதிருக்கும், ஊசி என்றாலே கண்ணை இறுக மூடிக்கொள்கிற ரகம். இடது மணிக்கட்டில் ஒரு வாட்ச். பேரும் இல்லை, முத்திரையும் இல்லை. ஓரத்தில் மார்க்கர் பேனாவால் ஓர் எண் மட்டும் எழுதியிருந்தது. அக்கா எப்போதும்போலத்தான் கேட்டார்.

“வாட்சுக்கு சார்ஜ் எத்தனை நாள் நிக்குது சார்?”

“ஒன்பது நாள்” என்றார் அவர் கண்ணைத் திறக்காமல்.

ஊசி உள்ளே இருந்தது. அக்காவின் கை அசையவில்லை. பத்தொன்பது வருடப் பழக்கம். டியூப் நிறைந்ததும்தான் மனிதருக்குத் தான் என்ன சொன்னோம் என்பது உறைத்தது. சட்டைக் கையைப் பரபரவென்று இழுத்து வாட்சை மூடினார்.

“சிஸ்டர், அது இன்னும் வெளிய வராத மாடல். கழட்டி வச்சுட்டு வந்திருக்கணும், மறந்துட்டேன். யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. தெரிஞ்சா என் வேலை போயிடும். ரெண்டு பிள்ளைங்க இருக்கு சிஸ்டர்.”

“சொல்ல மாட்டேன்.”

“சத்தியமா?”

“பஞ்சை அழுத்திப் பிடிங்க சார்.”

அவர் போன பிறகு அக்கா படிவத்தைப் பார்த்தார். பார்த்துத்தானே ஆக வேண்டும், டியூபில் சீட்டு ஒட்டுவதற்கு. நிறுவனம் என்ற இடத்தில், கணக்கு வாத்தியார் கஞ்சன் என்று முதல் வாரமே தள்ளிவிட்ட சதுரத்தின் பேர் இருந்தது. நாற்பது பேர் பதினோரு மாதமாகத் தேடிய மாப்பிள்ளை மூன்றாம் நம்பர் அறையில் வந்து கையை நீட்டிவிட்டுப் போயிருக்கிறார். அடுத்து வந்த பெரியவருக்கு அக்கா இரண்டு தடவை குத்த வேண்டியிருந்தது.

வழக்கமான நேரத்துக்குக் குழுவில் செய்தி வராவிட்டால் நாற்பது பேரும் மோப்பம் பிடித்துவிடுவார்கள். அதனால் இடைவேளையில் போட்டார்: “பதினெட்டு வாட்ச். எல்லாம் ஒன்றரை, ரெண்டு. ஒருத்தர் சார்ஜரையே தொலைச்சுட்டாராம்.” அத்தனையும் உண்மை, ஒன்றை மட்டும் சேர்க்கவில்லை.

இரண்டே முக்கால் மணிக்கு வேலை முடிந்து ஜெராக்ஸ் கடைக்கு நடந்தார். நடக்கும்போது கணக்குப் போட்டுப் பார்க்காமல் இல்லை. நாத்தனாரிடம் மட்டும் சொன்னால் என்ன? நாத்தனார் தங்கமான மனுஷி. ஆனால் அவர் காதில் போட்டது எதுவும் ஊர் முழுக்கப் பிரதி போகாமல் இருந்ததில்லை. காரணம் சொல்லாமல் “பொறு” என்று மட்டும் சொன்னால்? பதினோரு மாதமாக ஒன்றுமே தெரியாமல் நூறு தடவை சொன்ன வார்த்தைதான். தெரிந்த பிறகு அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல நாக்கு எழவில்லை. மெஷினுக்கு நான் பணம் தருகிறேன், நீ விற்காதே என்றால் அதுவும் சொன்னதற்குச் சமம். எந்தப் பக்கம் திரும்பினாலும் அந்த மனிதரின் இறுக மூடிய கண்தான் முன்னால் வந்து நின்றது. அக்காவுக்கு அழுகை வருகிற மாதிரி இருந்தது. தெருவில் யார் மீதோ எரிந்து விழுந்து அதைச் சரிக்கட்டினார்.

நாத்தனார் போனைத் தயாராகக் கல்லாவின் மேல் வைத்துக்கொண்டு காத்திருந்தார். சந்தை மூட இருபது நிமிடம்.

“அண்ணி, கடைசியா ஒரே வார்த்தை. வச்சுக்கவா, வித்துடவா?”

“உன் இஷ்டம்.”

நாத்தனார் நிமிர்ந்து பார்த்தார். “என்னது? நீங்களா பேசறது? எதுக்கெடுத்தாலும் ஒரு மணி நேரம் சொல்லுவீங்களே!”

“சொல்லிச் சொல்லித்தான் உன்னை இதுல மாட்டிவிட்டேன். போதும். உனக்கு மெஷின் வேணும், அதைப் பாரு.”

“அப்ப வித்துடறேன்.” விரலை நீட்டினார், மடக்கினார். “பயமா இருக்கு அண்ணி. எதையாவது தப்பா அமுக்கித் தொலைச்சுடுவேன். நீங்களே அமுக்குங்க.”

அக்கா அமுக்கினார். நாத்தனார் ஒரு பெரிய மூச்சு விட்டார். “அப்பாடா, விட்டது தொல்லை! உங்க மேல எனக்குக் கோபம் ஒண்ணும் இல்ல அண்ணி. நீங்க வச்சுக்குங்க. உங்களுக்குத்தான் நம்பிக்கை இருக்கே” என்று சிரித்துக்கொண்டே மெஷின்காரருக்குப் போன் போட உள்ளே போனார்.

நம்பிக்கை நேற்று வரைக்கும் இருந்தது. இன்று இருப்பது மூணாம் நம்பரில் பார்த்தது, அதற்கு அந்தப் பேர் பொருந்தாது.

கல்லாவுக்குப் பின்னால் அக்கா தனியாக நின்றார். உள்ளேயிருந்து நாத்தனாரின் குரல் உற்சாகமாக விலை பேசிக்கொண்டிருந்தது. அக்கா பையிலிருந்து தன் போனை எடுத்தார். பேட்டரி கம்பெனிப் பக்கத்தைத் திறந்தார். தன்னிடம் இருந்த பங்குகள் அத்தனையையும் ஒன்று விடாமல் குறித்தார். விற்கலாமா என்று திரை கேட்டது. நாத்தனாருக்காக அமுக்கிய அதே விரலால் அதையும் அமுக்கினார்.