பெரிய வியாழனன்று பெங்களூருக்கு

பெங்களூர் போனதற்காக நான் வருந்தவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இருபது வயதும் ஒரு காரும் இன்னொரு முறை கிடைத்தால் இன்னொரு முறையும் போவேன். நான் வருந்துவது வேறொன்றுக்கு. அதை எழுத்தில் வைக்க எனக்கு எண்பது வயது தாண்ட வேண்டியிருந்தது.

அறுபதுகளின் தொடக்கம். நான் திருச்சியில் பி.ஏ. படித்துக்கொண்டிருந்தேன். காட்டூரில் வீடு. அப்பா பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். பள்ளிக்கூடம், கோயில், வீடு, இந்த மூன்றைத் தவிர அவருக்கு வேறு வழி தெரியாது.

எங்கள் கோயிலில் பெரிய வியாழன் மாலையில் பன்னிரண்டு ஆண்கள் பீடத்துக்கு முன்னால் நாற்காலிகளில் வரிசையாக உட்காருவார்கள். இயேசு சீடர்களின் பாதங்களைக் கழுவிய நினைவாகப் பங்குச் சாமியார் மண்டியிட்டு, ஒவ்வொருவரின் வலது காலையும் கழுவித் துடைத்து, உதடு பதித்து முத்தி செய்வார். உட்காருகிறவர்கள் அன்று மத்தியானமே வீட்டில் பீர்க்க நாரால் காலைத் தேய்த்துத் தேய்த்துச் சிவக்க வைத்துக்கொண்டு வருவார்கள். சாமியார் கழுவ அழுக்கு என்று ஒன்றும் மிச்சமிருக்காது. மூன்றாவது நாற்காலி அப்பாவுடையது. எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அப்படித்தான்.

அந்த வருஷம் அவருடைய வலது கால் விரலில் ஒரு புண். சர்க்கரை வியாதிக்காரர். கார்த்திகையில் வந்த புண் பங்குனியிலும் ஆறவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போனால் விரலை எடுத்துவிடுவார்கள் என்று பயந்து, வீட்டிலேயே மருந்துப் பொடி போட்டுக் கட்டிக்கொண்டார். கட்டு தெரியாமல் இருக்கச் சாக்ஸும் கான்வாஸ் ஷூவும் மாட்டிக்கொண்டார். வேட்டிக்குக் கீழே ஷூ. "வாத்தியார் துரை ஆயிட்டாரு" என்று தெருவில் சிரித்தார்கள். அவரும் சேர்ந்து சிரித்தார். புண்ணின் வாடை அம்மாவுக்கும் எனக்கும் மட்டும் தெரியும்.

புதன்கிழமை சாயங்காலம் என்னைக் கூப்பிட்டார்.

"நாளைக்கு நாற்காலியில நீ உக்காரு. சாமிகிட்ட சொல்லிட்டேன், பையன் பெரியவனாயிட்டான், இனிமே அவன்தான்னு."

"எனக்கு இதுலெல்லாம் நம்பிக்கை இல்லப்பா."

"நம்பிக்கை உன்னோட இஷ்டம். இந்தக் காலை அத்தனை பேருக்கு முன்னாடி நான் நீட்ட முடியாது. காரணம் சொல்லாம நிக்கவும் முடியாது. ஒரு மணி நேரம்தானே?"

என் அப்பா என்னிடம் எதையும் கேட்டவர் இல்லை. கேட்கும்போது முகத்தைப் பார்க்காமல் ஷூ நாடாவை இழுத்து இழுத்து முடிந்துகொண்டிருந்தார். நான் "சரிங்கப்பா" என்றேன். சொல்லும்போதே போகப் போவதில்லை என்று எனக்குத் தெரியும். பெங்களூருக்குத் தேதி குறித்து ஒரு வாரம் ஆகியிருந்தது. கிறிஸ்தவக் கல்லூரி ஆகையால் வியாழன் முதல் திங்கள் வரை எங்களுக்கு விடுமுறை. கார் ஸ்ரீரங்கத்து நண்பனின் மாமாவுடையது. மாமா ஊரில் இல்லை.

முடியாது என்று முகத்துக்கு நேராகச் சொல்லியிருந்தால் அவர் வேறொரு ஆளைப் பார்த்திருப்பார். அந்த ஒரு நாள் அவகாசத்தைக்கூட நான் அவருக்குத் தரவில்லை.

வியாழக்கிழமை காலை அம்மாவிடம், "முக்கொம்பு வரைக்கும் போயிட்டு நாலு மணிக்குள்ள வந்துடறேன்" என்றேன். அம்மா இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையைக் கட்டிலில் எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். "வெயில்ல அலையாத. சாயங்காலம் கால்ல புழுதியோட நிக்கப் போற" என்றாள்.

ஸ்ரீரங்கத்திலிருந்து கொள்ளிடம் தாண்டி முசிறி ரோட்டைப் பிடித்தோம். நண்பன் ஓட்டினான். வீட்டில் தினமும் பிரபந்தம் சேவிக்கிற குடும்பம். வாத்தலை தாண்டும்போதுதான் அவனிடம் விஷயத்தைச் சொன்னேன். அவன் காரை ஓரம் கட்டிவிட்டான்.

"ஏண்டா, உங்கப்பா காத்துண்டிருப்பாரேடா. இப்பத் திரும்பினாக்கூட நேரம் இருக்கு. நாளைக்குக் கார்த்தால கிளம்பலாம். பெங்களூர் எங்கயும் ஓடிப் போயிடாது."

"உங்கப்பா சொல்றதையெல்லாம் நீ கேக்கறியோ?"

"நான் கேக்கலை. ஆனா கேக்கறேன்னு சொல்லிட்டு வரலையே!"

"ஓட்டறியா, நான் ஓட்டட்டுமா?"

எனக்கு ஓட்டத் தெரியாது. அவன் சிரித்துவிட்டான். கார் கிளம்பியது.

நாமக்கல் தாண்டி ஒருமுறை டயர் பஞ்சர், ஆள் தேடி ஒட்டி முடிக்கவே பல மணி நேரம் ஆயிற்று. சேலத்தில் காபி குடிக்க இறங்கியபோது மணி ஆறு. இந்நேரம் சாமியார் முதல் நாற்காலிக்கு வந்திருப்பார் என்று நினைத்தேன். அன்று என் மனதில் இருந்தது வருத்தம் அல்ல. நான் இல்லாமலும் நடக்கட்டும், என் கால் என்னுடையது என்ற வீம்புதான் இருந்தது. இரண்டாவது காபி கேட்டு வாங்கிக் குடித்தேன். அன்று சேலத்திலேயே தங்கினோம்.

மறுநாள் பெரிய வெள்ளி. தொப்பூர் ஏற்றத்தில் ரேடியேட்டர் கொதித்து, வழியில் போன கட்டைவண்டிக்காரரிடம் தண்ணீர் வாங்கி ஊற்றினோம். ஓசூருக்கு அப்பால் எல்லை. கடைப் பலகைகளில் எழுத்து சட்டென்று வட்டம் வட்டமாக மாறியது. மைசூர் ராஜ்யம். என்னை யாருடைய மகன் என்று கேட்க ஓர் ஆள் இல்லாத ஊரை அன்றுதான் முதல்முதலாகப் பார்த்தேன். சித்திரை நெருங்கும் மாதத்தில் காற்று சில்லென்று இருந்தது. கன்டோன்மென்டில் ஆண்களும் பெண்களும் சேர்ந்து பேசிக்கொண்டு நடந்தார்கள். அன்று நான் விட்ட நிம்மதி மூச்சு பொய்யில்லை. அதனால்தான் போனதற்கு வருந்தவில்லை என்கிறேன்.

மத்தியானம் ஒரு மிலிட்டரி ஓட்டலில் ஆட்டு பிரியாணி சொன்னேன். பெரிய வெள்ளியன்று எங்கள் வீட்டில் கஞ்சிதான். நண்பன் நெற்றி நாமத்தை அழித்துவிட்டு ஓர் ஆம்லெட் சொன்னான்.

"நீ இன்னிக்கு ஒருநாள் சாப்பிடக் கூடாது. நான் ஜன்மத்துக்கும் சாப்பிடக் கூடாது. யாருடா பெரிய பாவி?" என்றான்.

"தட்டை முதல்ல காலி பண்ணு. அப்புறம் கணக்கு பாக்கலாம்."

அவன் இரண்டு வாய்க்கு மேல் சாப்பிட முடியாமல் வெளியே ஓடினான். நான் அவன் தட்டில் மிஞ்சியதையும் சேர்த்துத் தின்றேன்.

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் காட்டூருக்கு வந்தபோது வீடு பூட்டியிருந்தது. எதிர்வீட்டு அக்கா படியில் உட்கார்ந்து முறுக்கு தின்றுகொண்டிருந்தவர் எழுந்து வந்தார்.

"வந்தியா மகராசா! எங்க போய்த் தொலைஞ்ச? உங்கப்பாவை ஆஸ்பத்திரியில சேத்திருக்கு. பயப்படாத, நல்லாத்தான் இருக்காரு" என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னார்.

கோயிலில் பதினொரு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். மூன்றாவது நாற்காலி காலி. பீட வேலைகளைப் பார்க்கும் கோயில்பிள்ளை வாசலுக்கும் பீடத்துக்குமாக நடந்திருக்கிறார். பின்வரிசையிலிருந்து இளைஞர்கள் இரண்டு பேர் எழுந்திருக்கிறார்கள். அதற்குள் அப்பா எழுந்து நடந்து போய் உட்கார்ந்துவிட்டார். குனிந்து ஷூவைக் கழற்றினார், சாக்ஸைக் கழற்றினார், கட்டை அவிழ்த்தார். கட்டு புண்ணோடு ஒட்டிக்கொண்டு லேசில் வரவில்லையாம். கோயில் முழுக்கப் பார்த்திருக்கிறது. பக்கத்து நாற்காலிக்காரர் கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டார். சாமியார் ஒரு கணம் தயங்கிவிட்டு, மற்றவர்களுக்குச் செய்தது போலவே கழுவித் துடைத்து முத்தி செய்தார்.

"உங்கப்பா கண்ணைத் தொறக்கவே இல்லப்பா" என்றார் அக்கா.

கூட்டத்தில் இருந்த டாக்டரம்மா ஒருவர் பூசை முடிந்ததும் அவரை விடவில்லை. வெள்ளிக்கிழமை காலை இரண்டு விரல்களை எடுத்தார்கள். இன்னும் ஒரு மாதம் விட்டிருந்தால் முழங்காலோடு போயிருக்கும் என்றார்களாம்.

"எல்லாம் நல்லதுக்குத்தான். நீ வந்து உக்காந்திருந்தா யாருக்குத் தெரிஞ்சிருக்கும் சொல்லு?" என்று அக்கா முடித்தார்.

அந்த வாக்கியத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

ஆஸ்பத்திரியில் அம்மா என்னைப் பார்த்ததும் தூக்குவாளியை எடுத்துக்கொண்டு எழுந்து வெளியே போனாள். அப்பா தலையணையில் சாய்ந்திருந்தார். நான் மன்னிப்புக் கேட்கவில்லை. நான் கேட்டது இது:

"நீங்க ஏம்பா போய் உக்காந்தீங்க? வேற ஆளா இல்ல?"

"வேற ஆள் எந்திரிச்சாங்க."

"இடது காலையாவது நீட்டியிருக்கலாமே?"

"முறை வலது கால்தானேப்பா" என்றார். பிறகு, "நீ வரலைன்னு நாலு பேர் பேசறதுக்குப் பதிலா இதைப் பேசட்டும்னு நெனச்சேன்" என்றார்.

அடுத்த வாரம் அம்மாவின் பிடிவாதத்துக்காகப் பாவசங்கீர்த்தனம் செய்யப் போனேன். பெரிய வெள்ளியன்று இறைச்சி தின்றதைச் சொன்னேன். ஞாயிறு பூசைக்குப் போகாததைச் சொன்னேன். சாமியார், அப்புறம் என்ன என்று காத்திருந்தார். அப்பாவின் காலை முத்தி செய்த அதே சாமியார். வலைத் தட்டிக்கு அப்பால் அவர் மூச்சு விடுவது கேட்டது. "அவ்வளவுதான் சாமி" என்றேன். அவர் அந்த இரண்டு பாவங்களுக்கு மட்டும் மன்னிப்புக் கொடுத்தார்.

அப்பா அதற்குப் பின் பதினாறு வருஷம் இருந்தார். இரண்டு விரல் இல்லாமல் நன்றாகவே நடந்தார். நான் வராததால்தான் கால் பிழைத்தது என்று உறவினர்கள் சொல்லும்போதெல்லாம் பேசாமல் இருந்தேன். சில சமயம் நானே அதைச் சொல்லிக் காட்டியிருக்கிறேன், அவர் எதிரிலேயே. அவர் மறுத்ததில்லை. பன்னிரண்டு பேரில் ஒருவராக அவர் மறுபடி உட்காரவும் இல்லை. புதுச் சாமியார் வந்து என்னை அழைத்தபோது நம்பிக்கை இல்லை என்று சொல்லி மறுத்தேன். அது பொய். எனக்கு அப்போது நம்பிக்கை திரும்பியிருந்தது.

என் பிள்ளைகள் இதைப் படித்தால், அறியாத வயசு என்பார்கள். அறிந்த வயசுதான். அந்தக் கால் எப்படி இருந்தது என்று தெரியும், அவர் எதற்குப் பயந்தார் என்று தெரியும், என்ன நேரத்தில் என்ன நடக்கும் என்றும் தெரியும். புண் ஆறியதும் கால் பிழைத்ததும் டாக்டரம்மாவின் புண்ணியம். அதில் எனக்குப் பங்கு கிடையாது. யாரும் தர வேண்டாம்.

அவர் இருந்த அந்தப் பதினாறு வருஷத்தில் ஒருநாள்கூட "தப்பு பண்ணிட்டேம்பா" என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.