லூபெக்கில் ஒரு சிறி

சந்திரவதனா மெல்பேர்னில் ஒரு கப்பல் அலுவலகத்தில் தட்டச்சு வேலை பார்த்தாள். எந்தச் சரக்கு எந்தத் துறைமுகத்துக்குப் போகிறது என்று ஆறு வருடமாக அடித்துத் தள்ளிக்கொண்டிருந்தாள். ஆட்டுத்தோல் ஐரோப்பாவுக்குப் போகும், கம்பளி போகும். அவள் மட்டும் ரயிலேறி வீடிருந்த ஸ்பிரிங்வேலுக்குப் போவாள். 1978ஆம் வருட அலுவலகக் காலண்டரில், யூலை மாதத் தாளில் லூபெக் வந்தது. ஜெர்மனியில், பால்டிக் கடல் பக்கத்துப் பழைய துறைமுகப் பட்டினம். படத்தில் இரண்டு கொழுத்த கோபுரங்களோடு ஒரு செங்கல் வாசல். ஐந்நூறு வருடமாகச் சரிந்தபடியே நிற்கிறதாம், இன்னும் விழவில்லையாம். பார்த்த அன்றே அவளுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது.

வாய்ப்பும் தானாகவே வந்தது. செப்டம்பரில் லண்டனில் அவளுடைய தம்பிக்குக் கல்யாணம். கணவர் மகேந்திரராஜாவுக்கு லீவு கிடைக்கவில்லை. அவர்களோடு ஒரே வீட்டில் இருந்த அவருடைய அக்கா பவளமும் சந்திரவதனாவும் போவதென்று முடிவாயிற்று. கல்யாணம் முடிந்து திரும்பும் விமானம் ஏற நான்கு நாள் மிச்சம். கப்பலில் ஹம்பர்க், அங்கிருந்து லூபெக்குக்கு ரயிலில் ஒரு மணி நேரம்கூட இல்லை. மதியச் சாப்பாட்டை மறந்து அட்டவணைகளைப் புரட்டினாள். சந்தோஷம் தாங்காமல் அன்று இரவே கணவரிடம் சொன்னாள்.

"லூபெக்கோ? அங்க ஆர் இருக்கினம்?" என்றார் மகேந்திரராஜா.

நம்மவர்கள் கேட்கும் கேள்வியே இதுதான். சொந்தக்காரர் இல்லாத ஊர் நமக்கு ஊரே இல்லை. கையில் உலகப் படத்தைத் தந்தால் சித்தி வீடு, மாமா வீடு என்றுதான் புள்ளி வைப்போம். ஒருவரும் இல்லையென்று சொன்னால் பயணம் அத்தோடு சரி. சந்திரவதனாவின் வாய் முந்திக்கொண்டது.

"சிறி இருக்கிறான். அம்மா வழியில எனக்குத் தம்பி முறை. கப்பல் இஞ்சினியருக்குப் படிக்கிறான்."

"ஓ, அப்ப சரி."

அவ்வளவுதான். ஒரே நிமிடத்தில் பிறந்த சிறி, அதன்பிறகு அசுர வேகத்தில் வளர்ந்தான். பவளம் அவனுக்கென்று மிளகாய்த்தூள் இடித்தாள், எலுமிச்சங்காய் ஊறுகாய் போட்டாள். பெடியன் உயரமோ என்று கேட்டாள். உயரம்தான், ஆனால் மெலிவு என்றாள் சந்திரவதனா. பொய் சொல்கிறோமே என்ற வெட்கம் துளியும் இல்லை. தினமும் ரயிலில் நின்றபடி அந்த வாசலுக்குள் நுழைந்து நுழைந்து வந்தாள். பறக்காத குறைதான்.

ஒரு சனிக்கிழமை காலை பவளம் அவளைக் குசினிக்குள் கூப்பிட்டு, மஞ்சள் தடவிய ஒரு கடித உறையை நீட்டினாள்.

"எங்கட சித்தியின்ர மகள் விமலாவின்ர சாதகம். நல்ல பிள்ளை, இருபத்துமூண்டு முடியப் போகுது. சிறியிட்டக் குடுத்துப் பாரன்."

சந்திரவதனா உறையைக் கையில் வாங்கினாள். ஊறுகாயை யாருக்காவது கொடுத்துவிடலாம். ஒரு பெண்ணின் சாதகத்தை என்ன செய்வது? லூபெக் போனால் போகட்டும், இந்தப் பாவம் வேண்டாம்.

"மச்சாள், சிறி எண்டு ஒருத்தரும் இல்லை. நான்தான் பொய் சொன்னனான். அந்த ஊரைப் பாக்க ஆசை, வேறொண்டுமில்லை."

பவளம் கதிரையில் இருந்துவிட்டாள். அடுப்பில் சோறு பொங்கி வழிந்தது. எழும்பவில்லை. சந்திரவதனாதான் ஓடிப்போய் அடுப்பைத் தணித்தாள். இனி வீடே அதிரப் போகிறது, பயணம் முடிந்தது என்று நினைத்து அழுகையை அடக்கிக்கொண்டு நின்றாள்.

"அப்ப அங்க எங்கட ஆக்கள் ஒருத்தரும் இல்லையோ?" என்றாள் பவளம்.

"ஒருத்தரும் இல்லை, மச்சாள்."

"தெரிஞ்ச ஆக்கள்? ஊர்க்காரர்?"

"இல்லை."

பவளம் சாதகத்தைத் திரும்ப வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"லண்டனுக்கு ரெண்டு தரம் போனனான். ரெண்டு தரமும் அண்ணை வீட்டுக் குசினியத்தான் பாத்தனான்." வாசல் பக்கம் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "ராஜாவிட்ட ஒண்டும் சொல்லிப் போடாத. சிறி அங்கயே இருக்கட்டும். லூபெக்குக்கு எனக்கும் சேத்து ரிக்கற் போடு."