பூஜ்யத்திலிருந்து எண்ணியவள்

கணக்கம்மா என்று அவளுக்குப் பேர் வைத்தது எதிர் அறை ஆய்வகத்துக்காரர்கள். ஒரு சோதனைக் குழாயைக்கூடத் தொடாமல், நாள் முழுக்கக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தே டி.என்.ஏ.வை ஆராய்கிறவளை வேறு எப்படிக் கூப்பிடுவார்கள்? அதில் அவளுக்கு வருத்தமே இல்லை. ஜீன்களுக்கு நடுவே கிடக்கும் ஏ, டி, ஜி, சி எழுத்துகளை யாராவது குப்பை என்று சொன்னால்தான் மூக்குக்கு மேல் கோபம் வரும்.

"குப்பையா? எந்த ஜீன் எப்போ வேலை செய்யணும்னு சொல்ற ஸ்விட்செல்லாம் அங்கதானே இருக்கு!"

அந்த ஸ்விட்சுகளைக் கண்டுபிடிக்கத்தான் வருஷக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்டு ஒரு புரோகிராம் எழுதியிருந்தாள். தலைமுறை தலைமுறையாக ரத்தம் சரியாக ஊறாத ஒரு குடும்பம். அவர்களுடைய ஜீன் குத்துக்கல்லாட்டம் நன்றாகத்தான் இருந்தது, வேலைதான் செய்யவில்லை. ரொம்பத் தள்ளி, இத்தனையாவது இடத்தில் ஒரே ஒரு எழுத்து பிசகியிருக்கிறது, அதைத் திருத்தினால் ஜீன் விழித்துக்கொள்ளும் என்றது புரோகிராம். எதிர் அறை ஆய்வகத்து அக்கா அந்தக் குடும்பத்துச் செல்களில் அந்த எழுத்தை மாற்றினாள். ஜீன் விழித்தால் செல் பச்சையாக ஒளிரும்படி ஏற்பாடும் செய்திருந்தாள். எங்கே ஒளிர்ந்தது? மறுபடி செய்தாலும் அதே இருட்டுதான்.

ஆய்வுக்குழுத் தலைவர் நல்ல மனுஷர். ஆனாலும் சொல்லிவிட்டார்: "இந்த வாரக் கூட்டத்தோட உன் புரோகிராமை மூடிடலாம்மா."

அன்று வீட்டில் அவள் சாப்பிடவே இல்லை. பஸ் ஓட்டும் கணவனுக்கு ஜீனும் தெரியாது, கீனும் தெரியாது. "மூடறதுக்கு முன்னாடி என்ன செஞ்சாங்கன்னு கேட்டியா? வாய் இல்லையா உனக்கு?" என்றான்.

மறுநாள் கேட்டாள். "அக்கா, நீங்க மாத்தறதுக்கு முன்னாடி அந்த இடத்துல என்ன எழுத்து இருந்துது?"

"ஜி."

"ஏ தானே இருக்கணும்?"

"என் கண்ணு நல்லாத்தான் இருக்கு. ஜி."

அவளுக்குப் பகீரென்றது. புரோகிராம் எழுதுகிறவர்களின் வழக்கப்படி அவள் முதல் எழுத்தைப் பூஜ்யம் என்று எண்ணியிருந்தாள். அக்காவோ ஊர் உலகத்தைப் போல ஒன்றிலிருந்து எண்ணியிருந்தாள். ஒரு எழுத்து முன்னால் போய், பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டியிருக்கிறார்கள்!

"அடிப்பாவி, சொல்லித் தொலைக்கறதுக்கென்ன?" என்றாள் அக்கா.

"நீங்க கேக்கறதுக்கென்ன?"

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தார்கள். பிறகு தலைவரிடம் போய், "இன்னும் ஒரே ஒரு தடவை சார்" என்று கெஞ்சிக் கூத்தாடி அனுமதி வாங்கினார்கள். செல்கள் வளர்கிற வரைக்கும் கணக்கம்மாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை.

ஒருநாள் காலையில் அக்கா நடைபாதையே அதிரும்படி கத்தினாள். "ஏய் கணக்கம்மா, ஓடி வாடி!"

ஓடிப்போய் மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்தாள். பச்சை. பார்த்த இடமெல்லாம் பச்சை. சந்தோஷம் தாங்காமல், எல்லார் முன்னாலும் ஓவென்று அழுதாள். அக்கா அவளைக் கட்டிக்கொண்டு தானும் அழுதாள்.

விஷயம் கேள்விப்பட்டு வந்த தலைவர் மைக்ராஸ்கோப்பை விட்டு எழுந்திருப்பதாகவே இல்லை. கடைசியில் நிமிர்ந்து, "இதை மூடச் சொன்ன மடையன் யாரு?" என்றார்.

"நீங்கதான் சார்."

"அந்த ஆளு பேச்சைக் கேட்டா உருப்பட்ட மாதிரிதான். அடுத்த குடும்பத்தோட டி.என்.ஏ.வை எடும்மா!"