தேவகி தப்பாகச் சொன்ன சங்கு

ஞாயிறானால் முதல் ரயில் பிடித்துத் திருத்தணியிலிருந்து சென்னைக் காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்துக்குப் போய்விடுவாள் தேவகி. மீன் வாங்க அல்ல, அவள் சைவம். வலையில் வந்ததில் மீனவர்கள் வேண்டாமென்று ஒதுக்கிப் போட்ட குவியலில் சங்கு தேடுவாள்.

"இன்னாக்கா, உங்க மலையில முருகன் ஒரு சங்குகூட குடுக்கலியா?" என்று மீன் பிரிக்கும் விஜி சீண்டுவாள்.

"குடுத்தா இங்க ஏன்டி வந்துகினு இருக்கேன்!"

உதடுதான் சிரிக்கும்.

மகன் பரணிதரன் விலங்கியல் படித்த காலத்தில் அவனுக்காக வாளி தூக்கி வந்த இடம் இது. பழுப்புத் திட்டுப் போட்ட இரண்டு சங்குகளைக் காட்டி அவன்தான் சொன்னான்: "பாக்க ரெண்டும் ஒண்ணு போலத்தாம்மா இருக்கும். சுத்துக்கும் சுத்துக்கும் நடுவுல நகம் வச்சுப் பாரு. பள்ளத்துல விழுந்தா ஸ்பைராட்டா. வழுக்கினா சைலானிக்கா."

அந்த மகன் வேற்று மதத்துச் சாயிராவைக் கட்டிக்கொண்ட அன்று, கல்யாணத்துக்குப் போகாமல் தன் தையல் கடையை உள்ளே தாழிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள் இந்தப் பாவி! அவன் கொச்சிக்குப் போனான். பேச்சு நின்றது.

பத்து மாதம் கழித்து ஒரு சங்கின் படத்தைக் கைதவறிப் பெயர் மாற்றி எழுதி அவனுக்கு அனுப்பிவிட்டாள். இரண்டே நிமிடத்தில் பதில்: "தப்பு. நகம் வச்சுப் பாரு." மகன் பேசிவிட்டான்! அன்றிலிருந்து வாராவாரம் வேண்டுமென்றே தப்பாக எழுதினாள். வாராவாரம் திட்டு வாங்கினாள். அந்த ஒரு வரிதான் ஏழு நாளுக்கும் அவளுக்குத் துணை.

போன ஞாயிறு அதுவும் போயிற்று. "இத்தன நாளா இதுகூட தெரியலியா? இனிமே அனுப்பாத."

இன்று கிடைத்த சங்கில் நகம் பள்ளத்தில் இறங்கியது. திரும்பும் ரயிலில் படத்தோடு எழுதினாள்: "ஸ்பைராட்டா. எனக்கு எப்பவுமே தெரியும்டா. தப்பா எழுதினாதானே நீ பேசுறே. சாயிராவை நான் பாக்கணும்."

நீல டிக் விழுந்தது. பதில் இல்லை. அரக்கோணம் தாண்டியது, இல்லை. திருத்தணியில் இறங்கி நடைமேடை பெஞ்சிலேயே உட்கார்ந்துவிட்டாள். ஓடிப்போக வீட்டில் யார் இருக்கிறார்கள்?

போன் அதிர்ந்தது. தெரியாத எண். ஒரு சங்கின் படம். மருதாணி போட்ட விரல். நகம் பள்ளத்துக்குள் நன்றாகப் பதிந்திருந்தது.

"அத்தை, நான் சாயிரா. இது சைலானிக்காதானே?"

திரையில் விழுந்த கண்ணீரைத் துடைத்துத் துடைத்து எழுதினாள் தேவகி.

"தப்பு. உன் நகம் எங்க இருக்குன்னு பாரும்மா."